பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கல்வெட்டுப் புத்தகத்தின் பிடிஎஃப் அச்சகத்தில் இருந்து காலையிலேயே வந்துவிட்டது. அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க வேண்டிய நினைவுப் புத்தகம்.

"பிழை இரிந்தா சிவப்பில குறிச்சு அனுப்பட்டாம் அப்பா. பின்னேரம் அடிக்கத் தொடங்கிருவாங்க. வடிவா ஒருக்காப் பாருங்க," என்று டெப்லட்டை அப்பாவின் மடியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள் கம்சாயினி.

வினாயகமூர்த்தி எதையும் அவசரமாக வாசிக்கிறவர் இல்லை. தேவாரப் பக்கத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மனைவி அன்னப்பூரணியின் படத்தை அதைவிடப் பெரிதாக்கிப் பார்த்தார். குடும்ப விபரம் இருந்த பக்கத்துக்கு வந்தபோதுதான் டெப்போடு வந்த பேனையைக் கையில் எடுத்தார்.

கம்சாயினி தேத்தண்ணியோடு திரும்பி வந்தாள். 'அன்னாரின் பிள்ளைகள்: காலஞ்சென்ற யசோதினி, ஜெயந்தன், கம்சாயினி' என்று அவள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். இப்போது அந்த வரியில் அண்ணன் ஜெயந்தனின் பெயருக்கு முன்னாலும் 'காலஞ்சென்ற' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

கோப்பையை வைத்த வேகத்தில் தேத்தண்ணி சிந்தியது.

"என்னப்பா இது?"

"பிழை திருத்தச் சொன்னாய் மகள். திருத்தினன்."

அவள் அந்தச் சொல்லை அழித்தாள். அவர் டெப்பை வாங்கி மறுபடி எழுதினார். அவள் அழித்தாள். அவர் எழுதினார். தாளாக இருந்திருந்தால் இதற்குள் கிழிந்திருக்கும்.

கம்சாயினி மாமாவுக்கு போன் எடுத்தாள். நல்லரெத்தினம் அம்மாவின் தம்பி, பக்கத்து வளவில்தான் வீடு. ஆள் படலையைத் திறக்கும் முன்பே குரல் வீட்டுக்குள் வந்துவிட்டது.

"அத்தான், உங்களுக்கென்ன விசரா? இந்தப் படலையைப் பூட்ட அக்கா ஒரு நாளாவது விட்டவவா? மகன் வந்தா தட்டிக்கொண்டு நிக்கப்போறான் எண்டு திறந்து வெச்சிட்டுத்தானே படுத்தவ. அவ கண்ணை மூடி ஒரு மாசம் ஆகல்ல. அதுக்குள்ள அவட மகனைச் சாகடிச்சிட்டீங்களே."

சிந்திய தேத்தண்ணியை வினாயகமூர்த்தி கையால் வழித்துவிட்டார்.

"அவன்ட போட்டோவை நெஞ்சோட புடிச்சுக்கொண்டு, காணாமப் போன ஆக்கள்ட தாய்மாரோட காந்திப் பூங்காவடியில வெயிலுக்குள்ள எத்தின நாள் இரிந்தா. பக்கத்தில போய் இரிந்தீங்களா? விசாரணை எண்டு வந்தாங்க. சாட்சி சொல்ல அக்காதான் போனா. மாசாமாசம் அவன்ட நட்சத்திரத்துக்கு அருச்சனை செஞ்சா. அங்கயும் நீங்க மரம் மாதிரித்தான் நிண்டீங்க."

இது ஆரையம்பதியில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்நெஞ்சுக்காரன் என்ற பெயரை ஊர் அவருக்கு எப்போதோ வைத்துவிட்டது.

"கதிரவெளிக்குக் கடல் வேலைக்குப் போன புள்ள. சண்டை தொடங்கின உடன தேடிப் போனீங்க, இல்லை எண்டு சொல்லல்ல. ஒரு கிழமையில வெறுங்கையோட வந்து 'காணல்ல' எண்டீங்க. அதோட உங்கட தேடுதல் முடிஞ்சுது. ஒரு தகப்பன் செய்யிற வேலையா அது?"

கம்சாயினியால் அழுகையை அடக்க முடியவில்லை. "அம்மா இரிந்தா இந்தச் சொல்லை எழுத விட்டிருப்பாவா அப்பா?"

"விட்டிரிக்கமாட்டா. அதுதான் அவ இரிக்குமட்டும் எழுதல்ல."

"இப்ப மட்டும் என்ன அவசரம்?"

"அந்தியேட்டிக்கு ஐயர் செத்த ஆக்கள்ட பேரைக் கேட்பார். அவன்ட பேரையும் சொல்லணும். தாய்க்கு வெக்கிற இடத்தில அவனுக்கும் ஒரு பிண்டம் வெக்கணும். இத்தின வருசமா அவனுக்கு ஒரு கை தண்ணி இறைக்கல்ல மகள். இனி எனக்கும் காலம் இல்லை."

"செத்தவனுக்குத்தான் பிண்டம் வெக்கிற," நல்லரெத்தினம் கத்தினார். "அவன் செத்ததை ஆரு கண்ட?"

வினாயகமூர்த்தி பேனையைக் கீழே வைத்தார். கம்சாயினி திரும்பவும் அழிக்கக் கை நீட்டியபோது தடுக்கவில்லை.

"தம்பி, சுனாமியில யசோதினி செத்த கிழமை உன்ட அக்கா கிணத்துக்குள்ள குதிச்சவ. ஞாபகம் இரிக்கா?"

"ஓம். நான்தானே இறங்கித் தூக்கின."

"'இன்னொண்டு போச்செண்டா என்னைத் தூக்காதடா' எண்டு உனக்கிட்டத்தானே சொன்னவ."

நல்லரெத்தினத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஓம் அத்தான்."

"புள்ள வருவான் எண்டு காத்துக்கொண்டிரிக்கிற மனுசி சாகமாட்டா எண்டு நினைச்சன். வெயிலுக்குள்ள இரிந்தாலும் உசிரோட இரிப்பா எண்டு நினைச்சன். பக்கத்தில வந்து இரிந்தா என்ட முகத்தைப் பார்த்தே கண்டுபுடிச்சிருவா தம்பி. அதுதான் வரல்ல."

கம்சாயினியின் விரல் அந்தச் சிவப்புச் சொல்லின் மேலேயே நின்றது.

வினாயகமூர்த்தி தன்னுடைய இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கதிரவெளி மணலில, இந்தக் கையாலதான் குழி கிண்டி அவனைத் தாட்டுப்போட்டு வந்தன்."