நேரடி வர்ணனை

இருபது வருஷம் டிவியில் கபடி வர்ணனை செய்த குரலுக்காகவே கட்சி மணவாளனுக்கு சீட்டு கொடுத்திருந்தது. பிரசாரத்தின் மூன்றாம் நாள், அவர் வேனை மறித்த ஒரு பெண் பழுப்புத் தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

“எங்க குழாயில வர்ற தண்ணிண்ணே. நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

கையில் மைக் இருந்ததால் வாய் தானாகத் திறந்துகொண்டது. “இதோ, பச்சைப் புடவை முன்னேறி வருகிறார்! கை நீள்கிறது... நீண்டுகொண்டே இருக்கிறது!”

கூட்டம் விசிலடித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையை இறக்கவில்லை.

விசில் அடங்கியது. அடுத்த அசைவைச் சொல்ல அவர் மைக்கோடு காத்திருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எதிரே ஆட வேண்டியவன் எங்கே போய்விட்டான் என்று மணவாளன் வேன் மேலிருந்து சுற்றுமுற்றும் தேடினார்.