உள்தாழ்ப்பாள்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் தங்கும் இல்லத்துக்குக் கூலி வாங்காமல் கதவு வேலை செய்து கொடுக்க வந்திருந்தார் தச்சர் அந்தோணிராசு. வெளித்தாழ்ப்பாளை எல்லாம் கழற்றிவிட்டு உள்பக்கம் மட்டும் போடச் சொன்னாள், இல்லத்தை நடத்தும் ரெஜினா.

"வெளிய பூட்ட வேண்டாமாம்மா?"

"வேண்டாம்ணே. அவங்களே போட்டுக்கட்டும், அவங்களே திறக்கட்டும்."

முதல் அறை முடிந்ததுமே ஒரு பெண் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். சத்தம் ஓயவே இல்லை. சரியாக விழவில்லையோ என்று உளியோடு எழுந்தார்.

"நல்லாத்தான் விழுது. உட்காருங்கண்ணே," என்றாள் ரெஜினா.

உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். போன மாதம் அவருடைய மகளும் தன் அறைக்கு ஒரு தாழ்ப்பாள் கேட்டிருந்தாள். 'நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு?' என்று இவர் சிரித்தார். அன்றிரவு அவள் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்தது இப்போதுதான் உறைத்தது.