தாருக்கு அடியில்

மழை விட்ட வெயிலில், சோதனைக்குப் போட்ட நெடுஞ்சாலைத் துண்டு இரண்டு நிறமாக மினுங்குகிறது: பாதி தார், பாதி கான்கிரீட். சாலை இன்ஜினியர் கான்கிரீட் பக்கம் நிற்கிறாள். காலருகே ஒரு வெறுங்கால் தடம், தளும்பத் தளும்பத் தண்ணீர். கட்டைவிரலிலிருந்து மயிரிழையாக ஒரு வெடிப்பு. கலவை காயுமுன், அவளைச் சிரிக்கவைக்கவென்றே கணவன் பதித்த கால். அடுத்த மாதமே இதே சாலையில் ஒரு லாரி மோதி அவனைக் கொண்டுபோய்விட்டது. "ரோடு முழுக்க எது போடலாம் மேடம்? கான்கிரீட்னா முப்பது வருஷம் அசையாது," என்கிறார் கான்ட்ராக்டர். அவள் தடத்தைப் பார்க்கிறாள். "தாரே போட்டுடுங்க. இது மேலயும்." "போட்டுடலாம். ஆனா அடியில இருக்கற வெடிப்பு என்னைக்கிருந்தாலும் மேல வந்துடும், பாத்துக்குங்க." அவள் குனிந்து கைக்குட்டையால் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுக்கிறாள். நிமிர்வதற்குள், கட்டைவிரல் குழியில் மறுபடியும் ஈரம் கசிகிறது.