ஒரு வரி பாக்கி

“தம்பி, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் ஐயா.”

சாப்பிடவில்லை. பல் தேய்த்திருந்தான். ஹீட்டரை அணைத்திருந்தான். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி போடாமலே மாட்டியிருந்தான். ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் போதகர் போன் செய்தார்.

“கமிட்டியில இன்னைக்கு முடிவு கேக்கறாங்க. புதிய ஏற்பாடு முழுக்கப் பதிவாயிடுச்சு. யோவான்ல மட்டும் ஒரு வரி இல்ல. அந்தப் புத்தகத்தை வேற பொண்ணை வச்சு முதல்ல இருந்து எடுத்துடலாம்கறாங்க.”

“ஒரு வரிக்காகவா?”

“நடுவுல வேற குரல் வந்தா கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்காதா? சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லியிருக்கேன். எங்கயாவது வாசிச்சிருப்பா. தேடிப் பாரு.”

யோவான்தான் அவன் மனைவி கடைசியாக வாசித்த புத்தகம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருத்தியை உட்காரவைக்க அவனால் முடியாது. ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினான்.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மாடி அறை. நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் மைக்கும் அவள் நாற்காலியும். இந்தப் பக்கம் கருவிகளும் அவனும். அவள் வேதாகமத்தை வாசிப்பாள், அவன் பதிவு செய்வான்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. புரியாத வரியை வாசிக்க மாட்டாள். புரியாமல் வாசித்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம். இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழும் இடத்தில் அப்படித்தான் வண்டி நின்றுபோனது.

“இன்னும் கொஞ்ச நேரத்துல அவனை எழுப்பப் போறார். அது அவருக்கே தெரியும். அப்புறம் எதுக்குங்க அழுகை?”

“வந்துச்சு, அழுதார். வாசிம்மா.”

“உங்களுக்கு வந்திருக்கா? உங்கப்பா போனப்பகூட வந்தவங்களுக்கு நாற்காலி போட்டுட்டு இருந்த ஆளு!”

“யாராவது போடணும்ல?”

அவள் சிரித்தாள். சிரிப்பும் பதிவானது. அதை வெட்டி எடுத்தான்.

கடைசியில் அந்த வரியைத் தாண்டிப்போய் மீதியை எல்லாம் வாசித்து முடித்தாள். முடித்த அன்று, அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகு, கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்கிறாள் போலும் என்று பலமாகத் தலையாட்டினான். அவள் முகம் மலர்ந்தது. கையசைத்துவிட்டு முன்னால் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. சாலையைக் கடக்கும்போது லாரி.

அடக்கத்தன்றும் அவன் அழவில்லை. நாற்காலிகள் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வாசித்ததில் அந்த வரி எங்கும் இல்லை. எனவே அதை அவனே செய்துவிட்டான். ‘இயேசு’ எல்லா இடத்திலும் இருந்தது. ‘கண்ணீர்’ வெளிப்படுத்தலில், அது துடைக்கப்படும் இடத்தில் கிடைத்தது. ‘விட்டார்’ என்பதைச் சிலுவையில் அவர் ஜீவனை விடும் இடத்திலிருந்து எடுத்தான். மூன்றையும் ஒட்டி, மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்தான். நல்ல வேலை. ஒட்டியது தெரியவில்லை.

மதியம் போதகர் அந்த வரியைக் கேட்க வந்தார். கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஸ்தோத்திரம்! நான் சொன்னேன்ல, எங்கயோ வாசிச்சிருக்கான்னு? என்ன உருக்கம் பாரு!”

“ஆமா ஐயா.”

“கமிட்டிக்கு நான் சொல்லிக்கறேன். நீயும் கொஞ்சம் அழுதுடு தம்பி. இப்படிக் கல்லு மாதிரி இருந்தா உடம்பு தாங்காது.”

“சரி ஐயா.”

அவர் படியிறங்கிப் போனார். இன்னும் ஒரு சின்ன வேலை இருந்தது. வரிக்குப் பிறகு கொஞ்சம் மௌனம் வேண்டும். வெறும் மௌனத்தை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதே அறையில், அதே மைக்கில், யாரும் வாசிக்காதபோது பதிவான மௌனமாக இருக்க வேண்டும்.

கடைசி நாள் பதிவைத் திறந்தான். யோவானின் கடைசி ‘ஆமென்’ வரை எடுத்துக்கொண்டு, மீதியை அப்போதே வெட்டி ஒதுக்கியிருந்தான். அவன் கருவியை நிறுத்தும் வரை வீணாக ஓடிய பகுதி. அதை அவன் கேட்டதே இல்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

புத்தகம் மூடும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். கண்ணாடியைத் தட்டும் சத்தம். பிறகு அவள்:

“ஏங்க, அந்த வரி புரிஞ்சிடுச்சு. எல்லாம் தெரிஞ்சவரு, இவரா அழப்போறார்னுதான் சுத்தி நின்னவங்க நினைச்சிருப்பாங்க. அப்படிப்பட்டவர் அழுததாலதான் அதை எழுதி வச்சிருக்காங்க. நான் வாசிச்சா எடுபடாது, தொட்டதுக்கெல்லாம் அழறவ. வேணும்னேதான் விட்டு வச்சிருக்கேன். அந்த ஒரு வரியை மட்டும் நீங்க வாசிங்க, சரியா?”