இருபத்தைந்து ரேகைகள்

கரையான்சாவடியில் கட்சிக் கிளை தொடங்க இருபத்தைந்து உறுப்பினர்கள் வேண்டும். இக்னேஷியஸ் ஒரே வாரத்தில் அத்தனை படிவங்களையும் நிரப்பிவிட்டான்.

"உன் கட்சிப் பேரே இங்க யாருக்கும் தெரியாது. இத்தினி பேரை எங்க புட்ச்ச?" என்றாள் மனைவி ஹில்டா.

"எல்லாம் கைநாட்டு ஆளுங்க. ஆனா எதிர்த்துப் பேசமாட்டாங்க."

மறுநாள் மாவட்டச் செயலாளர் வந்தார். போலீஸ் கைரேகைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு படிவத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இக்னேஷியஸுக்கு வியர்த்தது.

"ஆவடியில ஒருத்தன் எல்லாத்துலயும் தன் விரலையே வெச்சிருந்தான். கட்சிய உட்டே தூக்கிட்டேன்."

"அண்ணே, அது வந்து..."

"உன்னுது சுத்தம்யா! இருபத்தஞ்சும் வேற வேற ரேகை. நீதான் கிளைச் செயலாளர்."

இக்னேஷியஸ் படிவங்களை வாங்கிப் புரட்டினான். கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயர்களை எழுதியிருந்தான். இருபத்தைந்திலும் அழுத்தியது அவனுடைய இடது கட்டைவிரல்.

"நியமனத் தாள்ல நீயும் ஒரு ரேகை வை" என்று செயலாளர் மைப் பெட்டியை நகர்த்தினார்.

அதே இடது கட்டைவிரலை வைத்தான்.

தாளில் மொழுமொழுவென்று ஒரு நீல வட்டம் விழுந்தது. போன வாரம் வரை அவன் விரலில் இருந்த ரேகையில் ஒரு கோடுகூட அதில் இல்லை.