டிபன் பையில் ரிமோட்

ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஏசியின் முன்மூடியை மேலே தூக்கினாள். டக்கென்று நின்றது.

உள்ளே தூசி. பெட்ஷீட் உதறினால் பறக்கிற அதே தூசி, இங்கே வலையில் கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது.

வேலூரில் கத்திரி வெயில். ஃபேன் அனலை அள்ளி அள்ளி முகத்தில் போட்டது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறவள் இந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

போட்டுக்கொள்ள ரிமோட் இல்லை.

அது அவள் புருஷனோடு ஆபீசுக்குப் போயிருந்தது. தினமும் போகும். அவள் கட்டிக் கொடுக்கிற தயிர்சாதத்துக்குப் பக்கத்தில், டிபன் பைக்குள், பத்திரமாக.

அவன் பெயர் தயாளன். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ.

ராத்திரி அவன் படுக்கும்போது ஏசி ஓடும். பகலில் அதே அறையில் அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊராருக்கு ரவிக்கை தைப்பாள். அப்போது ஓடக்கூடாது.

"தையலுக்கெல்லாம் ஏசி கேக்குதா உனக்கு?" என்றான் ஒரு நாள். மறுநாளிலிருந்து ரிமோட் பைக்குள் ஏறிவிட்டது.

கெஞ்சிப் பார்த்தாள். சண்டை போட்டுப் பார்த்தாள். போன வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கையில் இவள் வியர்வை சொட்டிக் கறை நின்றுவிட்டது. அந்தப் பெண் வாசலில் நின்று அழுதாள். இனி உன்கிட்ட வரமாட்டோம் என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போனாள். அதையும் இவள் தயாளனிடம் சொன்னாள். துண்டை வைத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னான்.

அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சர்வீஸ் ஆளையும் அவன்தான் நிறுத்தினான். தண்டச் செலவாம். ஆன்லைனில் ஒரு கிட் வரவழைத்தான். ஏசிக்கு அடியில் மாட்டும் பிளாஸ்டிக் பை, அழுக்குத் தண்ணீர் இறங்க அதில் ஒரு டியூப், கையால் பம்ப் அடிக்கும் ஸ்ப்ரே, மெல்லிய பிரஷ். எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்து, இனிமேல் நீயே கழுவு என்றான்.

ஆக, குளிர் அவனுக்கு, அழுக்கு இவளுக்கு. ரொம்ப நியாயம்!

ஏசியின் மெயின் சுவிட்சை அணைத்தாயிற்று. வலை இரண்டையும் உருவிக் குழாயில் காட்டினாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. பையை மாட்டினாள். டியூபை வாளிக்குள் விட்டாள். பம்ப் அடித்தாள். பிரஷை மேலிருந்து கீழாக மட்டும் ஓட்டினாள். குறுக்கே ஓட்டினால் உள்ளே இருக்கிற தகடுகள் மடங்கிவிடும்.

மூலைக்கு அந்த பிரஷ் எட்டவில்லை. பழைய டூத்பிரஷ் ஒன்றை எடுத்தாள். அதுவும் அவன் தேய்த்துப் போட்டதுதான்.

வலது ஓரத்தைத் தேய்க்கும்போது கண்ணில் பட்டது.

அமுக்குகிற பொத்தான் ஒன்று. கொண்டைக்கடலை அளவுதான் இருக்கும். முன்மூடி இறங்கியிருந்தால் தெரியவே தெரியாது.

போன வருஷம் வந்த சர்வீஸ் ஆள், ரிமோட் கேட்காமலே ஏசியை ஓட்டிக் காட்டியது ஞாபகம் வந்தது. அவன் விரல் போன இடம் இதுதான்.

எல்லாம் காய வேண்டும். காத்திருந்தாள். காலையிலிருந்து செய்த வேலையில் அதுதான் கஷ்டமாக இருந்தது.

வலைகளை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். மறுபடி ஸ்டூலில் ஏறினாள். டூத்பிரஷ் காம்பால் ஓர் அழுத்து.

பீப்.

கொஞ்ச நேரத்தில் குளிர் இறங்கியது. முகத்தில், கழுத்தில், முதுகில். அடேயப்பா! அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆளில்லாத வீட்டில் சத்தமாகச் சிரித்தாள்.

ஃபேனை அணைத்தாள். மெஷினில் உட்கார்ந்தாள். எடுத்துத் தைத்ததும் பட்டுதான். வேண்டுமென்றே.

சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

கை தானாக ஸ்டூல் பக்கம் போனது. அணைத்துவிடலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கும் இப்படியே ஓட்டிக்கொள்ளலாம்.

நான் என்ன திருடியா?

கையை எடுத்துக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

தயாளன் உள்ளே வந்தான். நின்றான். ஏசியைப் பார்த்தான். டிபன் பையைத் திறந்து பார்த்தான். ரிமோட் உள்ளேதான் இருந்தது.

முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ரிமோட்டை நீட்டி அமுக்கினான். ஏசி நின்றது.

அவள் எழுந்தாள். ஸ்டூலை இழுத்தாள். ஏறினாள். மூடியைத் தூக்கினாள்.

பீப்.

மறுபடி அமுக்கினான். நின்றது.

அவள்தான் இன்னும் இறங்கவில்லையே.

பீப்.

அவன் கை தானாகக் கீழே இறங்கியது.

மறுநாள் காலையில் கிளம்பும்போது ரிமோட்டைத் தையல் மெஷின்மேல் வைத்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக்கொள் என்றான். வரம் கொடுக்கிற சாமி மாதிரி ஒரு முகம் வேறு.

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

வாசலில் அவன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தான். பின்னாலேயே போனாள். டிபன் பையைத் திறந்து, தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் ரிமோட்டைச் செருகி, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மறந்துட்டுப் போறீங்க பாருங்க."

அவன் நகரவில்லை. ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

உள்ளே ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது.