நூற்றைம்பது லிட்டர் தொட்டி

சனிக்கிழமை ஏரிக்கரை முகாமுக்குப் போகத் திட்டம். மினியாபொலிஸிலிருந்து இரண்டே மணி நேரம். பனிக்காலத்தில் குழாய் உறையாமலிருக்க எங்கள் கேரவன் வண்டியின் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றியிருந்த இளஞ்சிவப்புத் திரவத்தை வடிக்க, காலையில் குழாயைத் திறந்தேன். தெளிந்த, குளிர்ந்த தண்ணீர் வந்தது. மதியமாகியும் நிற்கவில்லை, தெருவோரம் ஓடியது. தொட்டி நூற்றைம்பது லிட்டர்தான். குழாயடியில் வைத்திருந்த வாளியில் விரல் நீள மீன் ஒன்று நீந்தியது.

“ஆர்விட், இங்க வந்து பாரு!”

என் கணவன் எட்டிப்பார்த்துச் சிரித்தான். “தொட்டியக் கழுவச் சொன்னா, மீனா வளக்குற?”

அப்போது முகாம் நடத்தும் வெர்னா அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“இந்த வாரம் வராதீங்க. காலையிலேர்ந்து ஏரி இறங்கிக்கிட்டே இருக்கு. படகெல்லாம் சேத்துல உக்காந்திருச்சு. இப்பவும் என் கண்ணு முன்னாடியே இறங்குது.”

ஆர்விட் சிரிப்பை நிறுத்தினான். மண்டியிட்டு, குழாயை மெதுவாக மூடினான்.

“அட,” என்றாள் வெர்னா. “நின்னுடுச்சு.”